ஆடி வந்தால் வரும் பயம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 23 வயது. மட்டக்களப்புப் பக்கம், ஊரைச் சொல்லவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கி, பிறகு சாப்பிட்டதைச் சத்தி எடுத்து, கடைசியில் வகுப்பில் மயங்கி விழுந்து வைத்தியசாலைக்குப் போனேன். ஒரு வருடத்துக்கு மேல் கிளினிக். இப்போது மூன்று நேரமும் சாப்பிடுகிறேன். மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. மாரி முழுக்க நல்லாத்தான் இருந்தேன்.

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் எல்லாம் திரும்புகிறது. இந்த வெக்கையில் பெரிய சட்டைகளுக்குள் ஒளிந்திருக்க முடியவில்லை. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தம், குளத்தில் முழுக வேண்டும். நனைந்த உடுப்போடு அத்தனை சனத்துக்கு முன்னால் கரையேற வேண்டும். அதே கிழமை கனடாவிலிருந்து சித்தி ஆட்கள் வருகிறார்கள், எல்லாரும் வான் பிடித்துப் பாசிக்குடாக் கடலில் குளிக்கப் போவதாகத் திட்டம். போன முறை சித்தி என்னைப் பார்த்தது நான் மோசமாக மெலிந்திருந்த நேரம். "என்ன வடிவா இருக்காய்" என்றவர். இந்த இரண்டு கிழமைக்கும் இரவுச் சாப்பாட்டை மட்டும் விட்டால் என்ன என்று யோசிக்கிறேன். வருத்தம் திரும்பி வந்துவிட்டதா அக்கா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

இரவுச் சாப்பாட்டை விடாதீர்கள். மற்றதைப் பிறகு கதைப்போம். "மட்டும்" என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்களே, முதல் முறையும் அந்தச் சொல்லோடுதான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் வைத்தியர் இல்லை. இந்த வருத்தத்தைப் பற்றி வாசித்ததில் மனதில் நின்றுபோன ஒன்றைச் சொல்கிறேன். 1944 கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. போரில் பட்டினி கிடந்த சனத்தை எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்பது என்று அறியத்தான். உடம்பும் மனமும் சுகமாக இருந்தவர்களாகப் பார்த்து எடுத்தார்கள். 24 கிழமை அரைவயிற்றுச் சாப்பாடு. அதற்குள் அந்தப் பொடியன்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். கோப்பையில் இருந்த கொஞ்சச் சாப்பாட்டை அளைந்து அளைந்து நேரம் போக்கினார்கள். கோடையிலும் குளிர்கிறது என்றார்கள். முன்னர் இல்லாத பைத்தியத்தையெல்லாம் பசிதான் கொண்டுவந்து வைத்தது. திரும்பச் சாப்பிடத் தொடங்கியபோது சதை முதலில் வயிற்றைச் சுற்றி வைத்தது, அதைப் பார்த்து அவர்களும் கவலைப்பட்டார்கள். மாதங்கள் போகப் போகத்தான் உடம்பு சீர்ப்பட்டது. கண்ணாடியில் உங்களுக்கு வயிறுதான் முதலில் தெரிகிறது என்றால், அவர்கள் சுகப்பட்டுப் போன வழியில்தான் நீங்களும் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

அப்புறம் இந்த வெக்கை. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் வெறும் அனலாக இறங்குகிற காற்றுத்தானே கச்சான். சூட்டில் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். பின்னேரமானால் மோதிரம் இறுகும், செருப்பு வார் காலில் தடம் போடும். காலையில் இல்லாதது மாலையில் வந்தால் அது கொழுப்பாக இருக்க வழியில்லை. வீட்டில் நிறை பார்க்கிற மெஷின் இருந்தால் அம்மாவிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். சத்தி எடுப்பது இந்த மாதங்களில் இன்னும் பொல்லாதது. வியர்வையில் போவது போதாதென்று உடம்பில் பொட்டாசியமும் குறைந்தால் இதயத் துடிப்பே தவறிவிடலாம்.

வருத்தம் திரும்பிவிட்டதா என்று கேட்கிறீர்கள். பயம் திரும்பியிருக்கிறது. போன முறை யாரிடமும் கேட்காமல் சாப்பாட்டை விட்டீர்கள், இந்த முறை விடுவதற்கு முதலே கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது. ஆனால் சத்தி எடுத்துவிட்டீர்கள், சாப்பாடு விடுபடத் தொடங்கிவிட்டது, தலை சுற்றுகிறது என்றால் கிளினிக் திகதி வரும்வரை இருக்க வேண்டாம், அடுத்த நாளே போங்கள். இரவில் மனம் முட்டினால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இருக்கிறது. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு என்றால் போனில் கதைத்துக்கொண்டிராமல் நேரே வைத்தியசாலைக்கு.

சித்தி விஷயம். நீங்கள் மயங்கி விழப்போகிற உடம்போடு நின்றபோது வடிவு என்று சொன்ன கண் அது. அவருக்குத் தெரிந்திருக்காது, பாவம். நம் ஊரில் படலையைத் திறந்ததும் உடம்பைப் பற்றிக் கதைப்பதுதான் சுகம் விசாரிப்பு. "மெலிஞ்சி போனாய் புள்ள." "என்னகா, நல்லா உடம்பு வெச்சிட்டாய்." என் அம்மம்மாவின் வாயில் இரண்டாவது வசனம் பாராட்டு, பஞ்சமும் சண்டையும் கண்ட மனுசி. அதே வசனத்தை அவருடைய பேத்திகள் வசையாகக் கேட்கிறார்கள். இதை விளக்கிச் சித்தியைத் திருத்த உங்களுக்கு இப்போது தெம்பு வேண்டாம். அம்மாவைக் கொண்டு கனடாவுக்கு ஒரு கோல் எடுப்பியுங்கள்: "பிள்ளைக்குச் சுகமில்லாமல் இருந்தது, உடம்பைப் பற்றி ஒன்றும் கதைக்க வேண்டாம்." அதையும் மீறிக் கதைத்தால், "ஓம் சித்தி, இப்ப சுகம்" என்றுவிட்டுத் தேத்தண்ணி போடப் போங்கள்.

தீர்த்தத்துக்குப் போங்கள். இந்த வருடம் பயந்து நின்றால் அடுத்த வருடம் பயம் இன்னும் பெருத்திருக்கும். கடும் நிறத்தில் தடித்த பருத்தி உடுப்பு போடுங்கள், பெரிய துவாயோடு ஒருத்தியைப் படியில் நிற்க வையுங்கள். நான் அப்பாவுக்காக முழுகிய வருடம் பக்கத்தில் யார் நின்றார்கள் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. அமாவாசை விரதத்தில் மட்டும் சேர வேண்டாம். சுகமில்லாதவர்களுக்கு விரதம் இல்லை என்றுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள். அதிலும் உங்களுக்கு விரதம் ஒரு நல்ல சாட்டு ஆகிவிடும், உங்களுக்கே தெரியும்.

பாசிக்குடாவில் கன தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். கழுத்துவரை நனைய வேண்டுமென்றால் உள்ளே குந்தியிருக்க வேண்டும்; அப்படிக் குந்திவிட்டால் சித்திக்கு உங்கள் தலை மட்டும்தான் தெரியும். சோற்றுப் பார்சலை எல்லாரோடும் இருந்து சாப்பிடுங்கள்.

இன்னொன்று. வருத்த காலத்து உடுப்புகள் அலுமாரியில் இன்னும் தொங்குகின்றனவா? என் அம்மா ஆரையம்பதியில் தையல் தைத்தவர். எந்தப் பெண் சட்டை தைக்கக் கொடுத்தாலும் உள்ளே இரண்டு பக்கமும் ஓர் அங்குலத் துணியை மடித்து விடுவார். வருடம் போய் அவர்கள் திரும்பி வந்ததும் பிளேட் நுனியால் நூலை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பிரிப்பார். வெளித்துணி வெயிலில் வெளிறிப் போயிருக்கும், உள்ளே மடித்த துணி மட்டும் புதுசு போல மினுங்கும். ஏன் பெருத்தாய் என்று அம்மா ஒருவரையும் கேட்டதில்லை. அப்படி ஒரு தையல்காரி உங்கள் பக்கத்திலும் இருப்பார். பிரிக்கக்கூடியதைக் கொண்டுபோய்க் கொடுங்கள், மற்றதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அளவெடுக்கும்போது இலக்கத்தைச் சத்தமாகச் சொல்லாமல் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

தீர்த்தம் முடிய ஒரு வரி எழுதுங்கள். சித்தி என்ன சொன்னா என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா