விமானத்தில் செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா? நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

விமான வானிலைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது குன்னூரில் இருக்கிறேன். விமானத்தில் புழங்கும் அளவுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோத்தகிரி வாசகர்: எங்கள் டீ ஃபேக்டரி ட்ரையரில் இன்னும் ஃபாரன்ஹீட்தான். அமெரிக்க விமானிகளுக்கும் அதுதானே சார்?

இல்லை. அங்கே டிவியில் ஃபாரன்ஹீட் சொல்வார்கள். ஆனால் விமான நிலைய வானிலை அறிக்கையான மெட்டாரில் 1996 முதல் செல்சியஸ்தான். இறக்கையில் பனி படியுமா என்பது விமானிக்கு உயிர்ப் பிரச்சினை. பூஜ்யத்துக்கு மேலா கீழா என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

ஊட்டி வாசகர்: குளிர் ஊரில் ஹெலிகாப்டர் சுலபமாக ஏறும் என்கிறார்களே?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ், ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி குறையும் என்பது விமானத் துறையின் நிலையான கணக்கு. ஊட்டி சுமார் 7,350 அடி. அந்தக் கணக்குப்படி அங்கே அரை டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மதியம் 20 டிகிரி என்றால் கணக்கைவிட இருபது டிகிரி அதிகம். காற்று சூடானால் அடர்த்தி குறையும், ஹெலிகாப்டரைத் தூக்கும் சக்தியும் குறையும். அதைக் கணக்கிட ஒரு டிகிரிக்குச் சுமார் 120 அடி கூட்டுங்கள். காற்றின் அடர்த்தி 9,700 அடி உயரத்தில் இருப்பதுபோல் ஆகிவிடும். நமக்கு ஸ்வெட்டர் கேட்கிற ஊர், ரோட்டருக்குச் சூடான ஊர். அதே உயரத்தில் காலையில் தூக்கும் சுமையை மதியம் தூக்க முடியாது. இந்தக் கணக்கில் எந்த எண்ணையும் அலகு இல்லாமல் எழுதாதீர்கள்.

கூடலூர் வாசகர்: ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸ் ஆக்குவது எப்படி?

32 கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுக்கவும்.

குன்னூர் வாசகர்: நாம் 1956லேயே சட்டம் போட்டு மெட்ரிக்குக்கு மாறினோம். உயரத்துக்கு மட்டும் ஏன் அடி?

சர்வதேச விதியிலேயே மெட்ரிக்தான் முதன்மை. அடி, நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்), கடல் மைல் மூன்றும் தற்காலிக அனுமதி. முடிவுத் தேதி மட்டும் குறிக்கவில்லை. சீனாவில் உயரம் மீட்டரில்தான்.

மீண்டும் கோத்தகிரி: அப்படியென்றால் எல்லோரும் மீட்டருக்கு வந்துவிடலாமே!

1999 ஏப்ரலில் ஷாங்காயில் கிளம்பிய கொரியன் ஏர் சரக்கு விமானத்துக்கு 1,500 மீட்டர் ஏற அனுமதி கிடைத்தது. விமானிகள் அதை 1,500 அடி என்று குழப்பிக்கொண்டார்கள். அப்போது சுமார் 4,500 அடியில் இருந்தார்கள். மிக உயரத்தில் இருக்கிறோம் என்று நினைத்து மூக்கை வேகமாகக் கீழே அழுத்தினார்கள். விமானத்தில் மூவரும் தரையில் ஐவரும் இறந்தார்கள்.

குன்னூர்: பார்த்தீர்களா, மீட்டர்தான் குற்றவாளி!

இல்லவே இல்லை. 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டும். லிட்டருக்கு 1.77 என்று கணக்குப் போட்டார்கள். அது பவுண்டுக்கான எண், கிலோவுக்கு 0.8 அளவுதான். பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பி, நடுவானில் என்ஜின்கள் அணைய, கிம்லி என்ற பழைய விமானத் தளத்தில் மிதந்தே இறக்கினார்கள். யாரும் சாகவில்லை. அந்த நாடு அப்போது மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. இரண்டு அலகு ஒரே அறையில் புழங்கும்போதுதான் ஆபத்து. எந்த அலகு என்பது அடுத்த விஷயம்.

அருவங்காடு வாசகர்: செல்சியஸாக மாற்றுவது எப்படி ஐயா?

கூடலூர்க்காரருக்குச் சொன்னேன், மேலே பாருங்கள்.

வெலிங்டன் வாசகர்: 2021 குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தில் அளவுக் குழப்பம் உண்டா?

இல்லை. வானிலை எதிர்பாராமல் மாறி மேகத்துக்குள் புகுந்தது, விமானி எது மேல், எது கீழ் என்ற நிலை உணர்வை இழந்தது என்றுதான் முப்படை விசாரணை சொன்னது. இதில் ஊகம் வேண்டாம்.

ஊட்டி வாசகர்: மைனஸ் 40ல் இரண்டும் ஒன்றாமே?

ஆமாம். அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ எரிபொருளின் உறைநிலை வரம்பும் அதுவே. நம் ஊரில் போடும் ஜெட் ஏ1க்கு மைனஸ் 47 செல்சியஸ்.

மஞ்சூர் வாசகர்: செல்சியஸ்...

32 கழிக்கவும், தம்பி.

கேத்தி வாசகர்: தொட்டபெட்டாவில் என் வாட்ச் உயரத்தைத் தப்பாகக் காட்டுகிறது.

வாட்ச் காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரம் சொல்கிறது. முதலில் அழுத்தம் எந்த அலகில் என்று பாருங்கள். நம் நாட்டில் ஹெக்டோபாஸ்கல். அமெரிக்காவில் பாதரச அங்குலம். 992 (ஹெக்டோபாஸ்கல்) என்று சொன்னதை 29.92 (அங்குலம்) என்று வைத்த விமானம், அல்டிமீட்டர் என்ற உயரமானி காட்டுவதைவிட ஏறத்தாழ 600 அடி தாழ்வாகப் பறக்கும். மலைக்குப் பக்கத்தில் அந்த 600 அடிதான் எல்லாம். உங்களுக்கு வழி சுலபம்: சிகரத்தில் நின்று 2,637 மீட்டர் என்று வையுங்கள், அடியில் வேண்டுமானால் 8,650. வானிலை மாறினால் அழுத்தமும் மாறும். அடுத்த முறை ஏறும்போது மறுபடியும் வைக்க வேண்டியிருக்கும்.