ஏஎஃப்பி நார்மல் என்றால் ஸ்கேனை விட்டுவிடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. ஹெபடைட்டிஸ் பி-யால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிப் போகும் நோய் வந்து மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார், ரத்தத்தில் வைரஸ் இல்லை என்றே ரிசல்ட் வருகிறது. கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி வருகிறதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார்கள். ஏஎஃப்பி எப்போதும் நார்மல் என்பதால் போன முறை ஸ்கேனை விட்டுவிட்டோம். ரத்தப் பரிசோதனை மட்டும் போதாதா? கட்டி என்று தெரிந்தால் செய்வதற்குத்தான் ஏதாவது இருக்கிறதா?

பதில்: போதாது. விட்டுப்போன ஸ்கேனை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

ஏஎஃப்பி என்பது கருவில் இருக்கும் குழந்தையின் கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். பிறந்தபின் குறைந்துவிடும், கல்லீரலில் புற்றுநோய் வந்தால் சிலருக்கு மறுபடி ஏறும். அந்தச் 'சிலருக்கு'தான் விஷயமே. சின்னக் கட்டி இருக்கும் பலருக்கு அது ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்ற எல்லையைத் தாண்டுவதே இல்லை. ஏறினால் உஷாராகலாம், ஏறவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. வைரஸ் அடங்கியிருப்பது பெரிய விஷயம், ஆபத்து நன்றாகவே குறையும், ஆனால் சிரோசிஸ் வந்துவிட்ட கல்லீரலில் அந்த ஆபத்து முழுதாகப் போவதில்லை.

அதற்காக அல்ட்ராசவுண்டை மட்டும் நம்பச் சொல்லவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018ல் வந்த ஒரு கணக்குப்படி, சிரோசிஸ் உள்ளவர்களின் ஆரம்பநிலைக் கட்டிகளில் அல்ட்ராசவுண்ட் தனியாகப் பிடிப்பது 45 சதவீதம்தான், ஏஎஃப்பியும் சேர்ந்தால் 63. இரண்டையும் எழுதிக்கொடுத்தது அதனால்தான். கல்லீரலின் மேல்பகுதி விலா எலும்புக்கும் நுரையீரலுக்கும் பின்னால் மறைந்திருக்கும், அதனால்தான் ஸ்கேன் எடுப்பவர் மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார், அப்போது கல்லீரல் கொஞ்சம் கீழே இறங்கி வரும். உடல் பருத்தவர்களுக்கு அப்படியும் சரியாகத் தெரியாமல் போகலாம். ரிப்போர்ட்டை வாங்கியதும் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். கல்லீரல் முழுதும் தெளிவாகத் தெரியவில்லை என்று எங்காவது இருந்தால், சிடியோ எம்ஆர்ஐயோ எடுக்கலாமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

ஏன் ஆறு மாதம்? இந்தக் கட்டிகளின் கன அளவு இரட்டிப்பாகச் சராசரியாக 4 முதல் 6 மாதம் ஆகிறது, சிலருக்கு இன்னும் வேகம். ஒரு ஸ்கேனை விட்டால் இடைவெளி ஒரு வருடம் ஆகிவிடுகிறது, சிகிச்சையோ சென்டிமீட்டர் கணக்கில்தான் முடிவாகிறது. ஷாங்காயில் ஹெபடைட்டிஸ் பி உள்ள சுமார் 18,800 பேரை இரண்டு பிரிவாக்கி நடத்திய ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படிப் பரிசோதிக்கப்பட்டவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் மரணம் 37 சதவீதம் குறைந்தது. 2004ல் வெளியானது. ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவை வைத்துக் கண்டுபிடிக்கும் புதிய பரிசோதனைகள் ஆய்வில் இருக்கின்றன, எனக்கும் அவற்றின் மேல் நம்பிக்கை உண்டு, ஆனால் ஸ்கேனின் இடத்தை அவை இன்னும் பிடிக்கவில்லை.

சரி, கட்டி தெரிந்தால்? முதலில் சாயம் ஏற்றி சிடி அல்லது எம்ஆர்ஐ. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகத்தான் வருகிறது, புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்தே வளர்கிறது. அதனால் சாயம் தமனியில் ஓடும் நேரத்தில் கட்டி பளிச்சென்று தெரியும், அப்புறம் சுற்றியிருக்கும் கல்லீரலைவிட மங்கிவிடும். 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியில் இந்த இரண்டும் தெளிவாகத் தெரிந்தால், சிரோசிஸ் உள்ளவருக்குப் பெரும்பாலும் ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சியே வேண்டியதில்லை. கட்டிக்கு ரத்தம் கொடுக்கும் அந்தத் தமனிக்குள் மருந்தைச் செலுத்தி அடைத்துவிடுவதே ஒரு சிகிச்சை.

2, 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஊசி செருகிச் சூட்டால் கட்டியைக் கருக்கிவிடலாம், அல்லது கல்லீரல் தாங்கும் என்றால் வெட்டி எடுக்கலாம். ஒரே கட்டி 5 சென்டிமீட்டருக்குள், அல்லது மூன்று வரை, ஒவ்வொன்றும் 3க்குள் என்றால் மாற்றுக் கல்லீரலையும் யோசிக்கலாம். மிலான் நகரில் மஸ்ஸாஃபெர்ரோ குழுவினர் இந்த அளவுகோலோடு 48 பேருக்குச் செய்து பார்த்து 1996ல் வெளியிட்டார்கள், நான்கு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 75 சதவீதம். கட்டியோடு சிரோசிஸையும் சேர்த்து எடுத்துவிடும் ஒரே வழி அதுதான்.

முற்றிய நிலையிலும் கைவிடுவதில்லை. 2007ல் இந்தப் புற்றுநோய்க்கு சோராஃபெனிப் மாத்திரை வந்தது, ஆயுளைச் சில மாதம் நீட்டியது. 2020ல் அடெசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு ஊசி மருந்துகள் சேர்ந்து அதைவிட நன்றாக வேலை செய்தன. இரண்டாவது மருந்து ரத்தக்கசிவை உண்டாக்கலாம் என்பதால் உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்களும் உங்கள் அம்மாவும், உடன்பிறந்தவர்களும் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்துகொண்டீர்களா? இல்லையென்றால், அப்பாவை ஸ்கேனுக்கு அழைத்துப் போகும் அன்றே எல்லோரும் ரத்தம் கொடுத்துவிடுங்கள். தொற்று இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்று வந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். தைவானில் 1984ல் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் போட ஆரம்பித்தார்கள், பத்தே வருடத்தில் அங்கே சிறுவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.