பரணில் கிடைத்த பழைய வால்வு ரேடியோவை மறுபடியும் பாட வைக்க முடியுமா?

தாத்தா காலத்து வால்வு (ட்ரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) ரேடியோ ஒன்று பரணில் கிடைத்திருப்பதாகவும், அதை இயங்க வைத்து, அதையே தொடக்கமாகக் கொண்டு பழைய ரேடியோ, கிராமபோன் முதலியவற்றைச் சேகரிக்க விரும்புவதாகவும் கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் முடியும். 1950களிலும் 60களிலும் வந்த மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் பெட்டிகளில் ஒவ்வொரு உதிரியும் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் தனியே கழற்றி மாற்றலாம். ஆனால் ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: "பாடுகிறதா, பார்ப்போம்" என்று பிளக்கை மாட்டிவிடாதீர்கள். பரணில் இத்தனை ஆண்டுகள் கெடாமல் இருந்த ட்ரான்ஸ்ஃபார்மர் அந்தச் சில நிமிட ஆவலில் எரிந்துபோவதுண்டு.

காரணம், மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் கண்டென்சர்கள். பழைய ரேடியோ என்றாலே வால்வு போயிருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள்; உண்மையில் வால்வுகள் நீண்ட நாள் உழைப்பவை. கண்ணாடியின் உட்புறம் வெள்ளி பூசியதுபோல் ஒரு பளபளப்பு இருக்கும்; அது பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு போய்விட்டது என்று பொருள். வெள்ளி நிறம் அப்படியே இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். ஆனால், தாளும் மெழுகும் கொண்டு செய்த கண்டென்சர்கள் நம் ஊர் ஈரப்பதத்தில் கசியத் தொடங்கிவிடுகின்றன. அவற்றுள் மிக ஆபத்தானது, ஒலியைப் பெருக்கும் முதல் வால்வின் ஆனோடிலிருந்து (நேர்மின் முனை), ஸ்பீக்கரை இயக்கும் கடைசி அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலை) செல்லும் 0.01 மைக்ரோஃபாரட் அளவிலான சிறிய கண்டென்சர். அது கசிந்தால், கிரிட்டில் இருக்கக் கூடாத நேர்மின்னழுத்தம் ஏறி, அவுட்புட் வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்து, அந்த வால்வையும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். வேறு எதை மாற்றாவிட்டாலும் இதை மாற்றிவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். 630 வோல்ட் தாங்கும் பாலியெஸ்டர் கண்டென்சர் சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். மின்வழங்கலில் உள்ள பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களையும் மாற்றுங்கள். புதியது சிறிதாகவும் மலிவாகவும் இருக்கிறதென்று அதன் மைக்ரோஃபாரட் அளவை மிகவும் கூட்டிவிடாதீர்கள். ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வு அதைத் தாங்காது.

அதற்கும் முன்பாக, வால்வுகளின் எண்களைப் படியுங்கள். இசிஎச்81, இஎல்84 என்று ஆங்கில 'இ' (E) எழுத்தில் தொடங்கினால், உள்ளே சூடாகி எரியும் அவற்றின் இழைக்கு 6.3 வோல்ட் போதும். அத்தகைய பெட்டியில் பொதுவாக மெயின்ஸ் (வீட்டு மின்சார) ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கும். யுசிஎச்81, யுஎல்84, யுஒய்85 என்று 'யு' (U) எழுத்தில் தொடங்கினால், எல்லா இழைகளும் ஒரே சங்கிலியாக 100 மில்லி ஆம்பியரில் எரியும் ஏசி/டிசி பெட்டி அது. இவற்றில் பெரும்பாலும் ட்ரான்ஸ்ஃபார்மரே கிடையாது. வீட்டு மின்கம்பி ஒன்று நேராகச் சேசிஸில், அதாவது உதிரிகளைத் தாங்கும் உலோகத் தட்டில், இணைந்திருக்கும். இரண்டு முள் பிளக்கைத் திருப்பி மாட்டினால், 230 வோல்ட் முழுவதும் அந்த உலோகத் தட்டில் நிற்கும். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலே உயிருக்கு ஆபத்து. இத்தகைய பெட்டியில் வேலை செய்ய, வீட்டு மின்கம்பியோடு உள்ள நேரடித் தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். இதில் அனுபவம் இல்லையென்றால், ஊருக்கு ஒருவராவது இருக்கும் பழைய ரேடியோ மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து, அவர் அருகில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் கைவேலையைப் பார்க்கும் வாய்ப்பு இன்னும் சில ஆண்டுகளுக்குத்தான்.

முதன்முதலில் மின்சாரம் கொடுக்கும்போது, 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில், அதாவது சீரீஸில், இணையுங்கள்; எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் கண்டென்சரில் 200 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம் என்பதால், ரெசிஸ்டர் வழியாக அதை வெளியேற்றாமல் கையை விடாதீர்கள்.

சுத்தம் செய்வதில்தான் நல்ல பெட்டிகள் பாழாகின்றன. வால்வின் மேல் அச்சிட்ட எண் விரல் பட்டாலே அழிந்துவிடும். அதனால் துடைப்பதற்கு முன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டயல் கண்ணாடியின் உட்புறத்தில்தான் மீட்டர் எண்களும் ஊர்ப் பெயர்களும் பூசப்பட்டிருக்கின்றன. ஈரத் துணி பட்டால் எழுத்தோடு உரிந்து வந்துவிடும், அந்தப் பக்கம் மென்மையான தூரிகை மட்டும் போதும். முள்ளை நகர்த்தும் டயல் நூல் அறுந்திருந்தால், அது எந்தக் கப்பியில் எத்தனை சுற்றுச் சுற்றி எந்தப் பக்கம் போகிறது என்று படம் எடுத்த பிறகே கை வையுங்கள். மரப்பெட்டி என்றால் மேலே இருப்பது மிக மெல்லிய வெனீர் (ஒட்டிய மரத் தகடு). உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தால் அடியிலுள்ள மட்டப் பலகை தெரிந்துவிடும். இப்போதைய தச்சர்கள் கண்ணாடிபோல் மின்னும் வார்னிஷைத் தெளித்துத் தருகிறேன் என்பார்கள், தயவுசெய்து வேண்டாம். அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் மெல்ல மெல்ல ஏற்றும் பழைய பிரெஞ்சு பாலிஷ்தான் அதற்குப் பொருந்தும். ஓரிரு கீறல் இருந்தால் இருக்கட்டும். கழற்றிய பழைய கண்டென்சர்களை எறியாமல், எதை எப்போது மாற்றினீர்கள் என்ற குறிப்போடு ஓர் உறையிலிட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். 1980களில் நீக்கப்படும் வரை ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமம் பெற வேண்டியிருந்தது; அந்த உரிமப் புத்தகம் வீட்டில் எங்காவது இருந்தால் அதையும் ரேடியோவுடன் சேர்த்துவிடுங்கள்.

பாடத் தொடங்கியதும் எதைக் கேட்பது? மத்திய அலையில் சென்னை 720 கிலோஹெர்ட்ஸ், திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ். உங்கள் டயலில் மீட்டர் கணக்கு இருந்தால் முறையே ஏறத்தாழ 417, 320 மீட்டர். இரைச்சல் மிகுந்தால் ரேடியோவைக் குறை சொல்லும் முன் வீட்டிலுள்ள எல்இடி விளக்கு, கைபேசி சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவற்றை நிறுத்திப் பாருங்கள். மாடியில் நீளமான ஏரியல் கம்பி கட்டினால் பெரிய மாற்றம் தெரியும். தமிழகமே இலங்கை வானொலியைக் கேட்ட சிற்றலையில் இன்று முன்போல் நிலையங்கள் இல்லை. ஆனால் பல பெட்டிகளின் பின்புறம் கிராமபோன் பிக்கப்புக்கான இரண்டு துளைகள் இருக்கும். அதில் கைபேசியை இணைத்துப் பழைய பாடல்களை வால்வின் குரலில் கேட்கலாம். 'யு' வகைப் பெட்டியில் மட்டும், இடையே ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. அந்தத் துளையும் சேசிஸ் வழியே மெயின்ஸோடு இணைந்ததுதான்.

சேகரிப்பைப் பெருக்க நினைத்தால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் பார்க்க வேண்டியவை. ஆனால் பித்தளைக் கூம்பு வைத்த கிராமபோனைக் கண்டதும் மயங்கிவிடாதீர்கள். புத்தம்புதிய எண்கோணப் பெட்டி, தகடுபோல் மெல்லிய பளபளக்கும் கூம்பு, நாய்ப்படம் போட்ட சின்னம், உள்ளே ஏதோவொரு கைப்பெட்டிக் கிராமபோனிலிருந்து பிடுங்கிய மோட்டார் என்று புதிதாகச் சேர்த்துக் கட்டப்பட்டவையே சந்தையில் ஏராளம். அந்தப் பணத்துக்கு, 1931இல் வந்த எச்எம்வி 102 போன்ற கூம்பில்லாத கைப்பெட்டியை வாங்குங்கள். பார்வைக்கு எளிமையாக இருந்தாலும் அது உண்மையானது, ஒலியும் தெளிவானது. அதில் 78 சுழற்சி அரக்குத் தட்டுகளை மட்டுமே வைக்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிய எஃகு ஊசி போட வேண்டும். எல்பி (நீண்ட நேரம் ஓடும் வினைல்) தட்டை வைத்தால், அந்தக் கனமான தலை ஒரே ஓட்டத்தில் அதன் பள்ளத்தைச் சீவிவிடும்.

உங்கள் பெட்டியின் பின்பலகையிலுள்ள மாடல் எண்ணையும் வால்வு எண்களையும் எழுதுங்கள். எது எந்த வகை, எந்தக் கண்டென்சரில் தொடங்குவது என்று சொல்கிறேன்.