எலும்பைத் துளைக்காமல் கை ரத்தநாளத்திலிருந்தே ஸ்டெம் செல் எடுக்கிறார்களே, எப்படி?

ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் எலும்பு மஜ்ஜைக்குள் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை, கட்டிப்போடப்பட்டிருக்கின்றன. அங்குள்ள நுண் ரத்தக்குழாய்களை ஒட்டிய ஆதரவுச் செல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. ஸ்டெம் செல்லின் மேற்பரப்பிலுள்ள சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி அதைப் பற்றிக்கொள்ளும். இந்தப் பிடி இருக்கும்வரை செல் இடம் நகராது, பெரும்பாலும் பகுபடாமல் உறங்கும். அதே ஆதரவுச் செல்கள் தரும் எஸ்சிஎஃப் என்ற புரதம் இல்லாவிட்டால் அது பிழைப்பதே கஷ்டம். 1978-இல் ரேமண்ட் ஸ்கோஃபீல்ட் என்ற ஆய்வாளர் இப்படியொரு வாழிடம் இருக்க வேண்டும் என்று எழுதியபோது அது வெறும் கருதுகோள்தான்.

ஸ்டெம் செல் தானத்துக்கு முன் நாலைந்து நாள் போடும் ஜி-சிஎஸ்எஃப் (வெள்ளையணு உற்பத்தியைத் தூண்டும் புரதம்) ஊசி, மஜ்ஜையில் சிஎக்ஸ்சிஎல்12 அளவைக் குறைக்கிறது. பிடி தளர்ந்த செல்கள் ரத்தத்துக்கு வந்துவிடும். ஒரு கையில் ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் ஸ்டெம் செல்களைப் பிரித்துக்கொண்டு, மீதியை மறு கையில் ஏற்றிவிடுவார்கள்.

சில புற்றுநோயாளிகளிடம் சொந்தச் செல்களைச் சேகரிக்க ஊசி மட்டும் போதாது. அப்போது ப்ளெரிக்ஸாஃபோர் என்ற மருந்தும் சேரும்: சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பியையே அடைத்துவிடும், சில மணி நேரத்தில் பலன் தெரியும். 2008-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதலில் எச்ஐவிக்காக ஆராயப்பட்ட மருந்து என்பதுதான் வேடிக்கை!

பெறுபவருக்கும் எலும்பில் துளை கிடையாது. ரத்தநாளத்தில் ஏற்றினால் போதும். சிஎக்ஸ்சிஎல்12-ஐ மோப்பம் பிடித்துச் செல்களே மஜ்ஜைக்குப் போய்ச் சேரும்.