இணையம் எங்கே தேங்குகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிராமங்களிலும் சிற்றூர்களிலும் இணைய இணைப்பு பற்றி வந்த கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில் தருகிறோம். பெரும்பாலானவர்கள் "எதை வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்கள். எதை அளக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். அளந்த பிறகு வாங்க வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு. இணைப்பு கிளம்பும் தொலைபேசி நிலையத்திலிருந்து 4 கிலோமீட்டர். இரவு 8 மணிக்கு மேல் வேகம் படுத்துவிடுகிறது. சில நாள் மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து இணைப்பே போகிறது. லைனில் குறையில்லை என்கிறார்கள். யாரை நம்புவது?

இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். சேர்த்துப் புகார் கொடுத்தால் இரண்டுமே தீராது.

முதலில் சிவப்பு விளக்கு. மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் வந்து சேரும் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் தெரியும். மைனஸுக்குப் பின் வரும் எண் பெரிதானால் ஒளி குறைவு என்று பொருள். வழியில் போகும் இழப்பை டெசிபலில் சொல்வோம். பெரும்பாலான கிராமத்து ஃபைபர் இணைப்புகள் ஜிபான் வகை, அதாவது ஒரே இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தருபவை. நிலையத்திலிருந்து சுமார் 3 டிபிஎம் ஒளி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை 32 ஆகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் 17 டெசிபல் போகும். 4 கிலோமீட்டர் ஃபைபரில் போவது ஒன்றேகால் டெசிபல்தான். கனெக்டர்களும் ஒட்டுகளும் சேர்ந்து இரண்டு, இரண்டரை. ஆக, உங்கள் மோடத்தில் மைனஸ் 17 அல்லது 18 காட்ட வேண்டும். மைனஸ் 27-ஐ நெருங்கினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். உங்களுக்கு மைனஸ் 26 காட்டுகிறது என்றால், வழியில் எங்கோ 8 டெசிபல் காணாமல் போகிறது. தூரத்தின் மேல் பழிபோட இடமில்லை. 4 கிலோமீட்டர் ஃபைபருக்கு ஒரு தூரமே அல்ல.

தேட வேண்டிய இடங்களை அனுபவ வரிசையில் சொல்கிறோம். முதலில் கனெக்டர் முனையில் படிந்த அழுக்கு. பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒரே திசையில் துடைக்க வேண்டும். முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுக்கும். அடுத்தது சுவர் மூலையில் ஆணி அடித்து மடக்கிய கேபிள். சாதாரண ஃபைபரை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக வளைக்கக் கூடாது. மூன்றாவது, பச்சைக் கனெக்டரை நீலத்தில் செருகியிருப்பது. பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலம் நேரானது. இரண்டும் சரியாக ஒட்டாது. பல டெசிபல் அதிலேயே போகும், முனையும் சேதமாகும். மழையிலோ காற்றிலோ மட்டும் அளவு குறைந்தால், கம்பத்தின் மேலுள்ள ஒட்டுப்பெட்டியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது அல்லது கேபிள் தளர்ந்து ஆடுகிறது. காலை, மதியம், இரவு என்று ஒரு வாரம் எண்ணைக் குறித்து வைத்துப் புகாரோடு கொடுங்கள். எண்ணுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இரவு நேர மந்தம் வேறு கதை. ஒளி அளவு பகலிலும் இரவிலும் ஒன்றாகவே இருந்து வேகம் மட்டும் குறைந்தால், உங்கள் லைன் நன்றாகவே இருக்கிறது. ஊருக்கு வரும் பொது வழி போதவில்லை. அதை உறுதிசெய்ய, வைஃபையை விட்டுவிட்டு மோடத்திலிருந்து கேபிள் வழியாகக் கணினியில் சோதியுங்கள். இன்னொன்று: 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட். 8 பிட் ஒரு பைட் என்பதால் அது நொடிக்கு 12.5 மெகாபைட். பதிவிறக்கத்தில் 12 என்று தெரிந்தால் உங்களுக்கு முழு வேகமும் வருகிறது.

கேள்வி: எங்கள் பக்கம் ஃபைபர் இல்லை. சிம் போடும் 4ஜி ரவுட்டரில் இரண்டு கோடுதான் சிக்னல். வெளி ஆன்டெனா வாங்கலாமா, பூஸ்டர் வாங்கலாமா?

பூஸ்டர் வேண்டாம். அனுமதியில்லாமல் பூஸ்டர் வைப்பது பல நாடுகளில் குற்றம். டவரின் பக்கம் இரைச்சலை ஏற்றி ஊர் முழுவதற்கும் இணைப்பைக் கெடுக்கும். அதோடு, வருகிற சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குவதால் உங்களுக்கும் பெரிய பயனில்லை.

கோடுகளை மறந்துவிட்டு ரவுட்டர் பக்கத்தில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி சிக்னலின் வலு: மைனஸ் 90 நல்லது, மைனஸ் 110 மோசம். எஸ்ஐஎன்ஆர் இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பது: 20 மிக நன்று, 5-க்குக் கீழே போனால் வேகம் வராது. ரவுட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு மொட்டை மாடி, மேல் ஜன்னல் என்று ஒவ்வொரு இடத்திலும் இரண்டு எண்களையும் எழுதுங்கள். பல வீடுகளில் இதிலேயே 10 டெசிபல் கிடைத்துவிடும்.

அப்படியும் போதாவிட்டால் ஆன்டெனா. உங்கள் டவர் எந்த அலைவரிசையில் ஓடுகிறதோ அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 700 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் தொலைவு போகும். 1800-க்கு மேல் வேகம் தரும், ஆனால் மரத்துக்கும் சுவருக்கும் சீக்கிரம் மங்கும். 4ஜி இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில் தரவு வாங்குவதால் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்த இரட்டை ஆன்டெனாவும் இரண்டு கேபிளும் தேவை. ஒற்றை ஆன்டெனா மாட்டி, சிக்னல் ஏறியும் வேகம் குறைந்துவிட்டதே என்று வருந்துகிறவர்கள் நிறைய.

பணம் வீணாவது பெரும்பாலும் கேபிளில்தான். மெல்லிய ஆர்ஜி58 கேபிள் 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் 10 மீட்டரில் 8 டெசிபலுக்கு மேல் தின்றுவிடும். 10 டெசிபல் ஆன்டெனா வாங்கியும் மிஞ்சுவது ஒன்றுமில்லை. தடித்த எல்எம்ஆர்400 என்றால் அதே நீளத்துக்கு 2 டெசிபல் சுற்றித்தான். இதைவிட நல்ல வழி, மழை தாங்கும் வெளிப்புற ரவுட்டரையே கம்பத்தில் மாட்டி, மின்சாரமும் தரவும் ஒரே ஈதர்நெட் கேபிளில் கீழே வரும்படி செய்வது. ஆன்டெனாவைத் திருப்பும்போது 10 டிகிரி திருப்பி ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி உச்சத்தில் இருக்கும் திசையும் எஸ்ஐஎன்ஆர் உச்சத்தில் இருக்கும் திசையும் வேறானால் எஸ்ஐஎன்ஆர் சொல்லும் திசையில் இறுக்குங்கள்.

கேள்வி: 5 கிலோமீட்டர் தள்ளியுள்ள சிற்றூரில் நல்ல ஃபைபர் இருக்கிறது. அங்கிருந்து எங்கள் ஊருக்கு வயர்லெஸ்ஸில் கொண்டுவர முடியுமா? நடுவே 12 மீட்டர் உயரத் தோப்பு இருக்கிறது.

முடியும், உயரம் கிடைத்தால். 5 கிகாஹெர்ட்ஸ் தட்டு ஆன்டெனா இரண்டு போதும்.

கண்ணுக்கு எதிர்முனை தெரிந்தால் போதாது. ரேடியோ அலை நடுவில் பருத்துச் செல்லும். 5 கிலோமீட்டருக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் நடுப்புள்ளியில் அதன் ஆரம் 8 மீட்டர். அதில் 60 விழுக்காடு, அதாவது சுமார் 5 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்கு இந்தத் தூரத்தில் அரை மீட்டர் போதும். தோப்பு 12 மீட்டர் என்றால் கோடு நடுவில் பதினேழரை மீட்டரில் போக வேண்டும். 18 என்று வைப்போம். தரை சமமாக இருந்தால் இரு முனைகளின் சராசரி உயரம் 18 மீட்டர். ஒரு பக்கம் 24 மீட்டர் தண்ணீர்த் தொட்டி கிடைத்தால் மறுபக்கம் 12 போதும். மரம் வளரும் என்பதையும் கணக்கில் சேருங்கள். இன்று உரசிக்கொண்டு போகும் இணைப்பு, இரண்டு மழைக்காலத்துக்குப் பின் ஈர இலைக்குள் போய்ச் செத்துவிடும்.

இனி சிக்னல் கணக்கு. அனுப்பும் சக்தி 20 டிபிஎம், இரு தட்டுகளும் தலா 23 டெசிபல்: மொத்தம் 66. 5 கிலோமீட்டர் வெளியைக் கடக்கையில் இழப்பது 122. மிஞ்சுவது மைனஸ் 56. உங்கள் நாட்டு விதி, ஆன்டெனாவைச் சேர்த்து 36 டிபிஎம் என்று கட்டுப்படுத்தினால் அனுப்பும் சக்தியை 13 ஆக்குங்கள். மைனஸ் 63 கிடைக்கும், அதுவும் தாராளம். இந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டுதான் கம்பம் ஏற வேண்டும். ஏனென்றால் தட்டுக்குப் பக்கவாட்டிலும் பொய் உச்சங்கள் உண்டு. மைனஸ் 78 வந்ததும் "இணைந்துவிட்டது" என்று போல்ட்டை இறுக்கிவிட்டு வருவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. கணக்குக்கு 3, 4 டெசிபல் பக்கத்தில் வரும்வரை கிடையாகவும் சாய்வாகவும் திருப்பிக்கொண்டே இருங்கள்.

கேபிளில் சிக்கனம் பார்க்காதீர்கள். வெயில் தாங்கும் கறுப்பு உறை, முழுச் செம்பு. செம்பு பூசிய அலுமினியக் கேபிளில் மின்சாரம் வழியிலேயே குறைந்து, கருவி தானாக அணைந்து அணைந்து இயங்கும். 100 மீட்டருக்கு மேல் ஈதர்நெட் போகாது. சுவருக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிடுங்கள்; தண்ணீர் அங்கே சொட்டிவிடும். இரு முனையிலும் மின்னல் தடுப்பான் வைத்து, கம்பத்தையும் சேர்த்து எர்த் செய்யுங்கள்.

60 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வேகம் அதிகம் என்று விற்பார்கள். அந்த அலையைக் காற்றிலுள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்கு சுமார் 15 டெசிபல் உறிஞ்சும், மழை இன்னும் குறைக்கும். தெருவைத் தாண்ட நல்லது. 5 கிலோமீட்டருக்கு ஆகாது.

கேள்வி: மின்தடை வந்தால் இணையமும் போகிறது. என்ன பேட்டரி வேண்டும்?

மோடமும் ரவுட்டரும் சேர்ந்து சுமார் 15 வாட். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் சாகும் என்பதால் இரண்டரை மணி நேரம் எதிர்பாருங்கள். இன்வெர்ட்டர் இல்லாமல் நேரே கொடுப்பது சிக்கனம், ஆனால் சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டைத் தாண்டும். நடுவில் 12 வோல்ட் ரெகுலேட்டர் அவசியம். ஃபைபரின் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம், நிலையத்தில் இருந்தால் போதும்.

கேள்வி: 60 வீடுகள் சேர்ந்து ஒரே இணைப்பு எடுத்துப் பகிர நினைக்கிறோம். எவ்வளவு வேகம் வாங்க வேண்டும்?

60 வீட்டுக்கும் தலா 100 என்று 6000 எம்பிபிஎஸ் வாங்க வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பதில்லை. இரவு நெரிசலில் வீட்டுக்குச் சராசரி 3 எம்பிபிஎஸ் என்று வைத்தால் 180. அதோடு ஒருவர் முழு 100 இழுக்க இடம். 300 வாங்கித் தொடங்கலாம். இரவு உச்சம் 80 விழுக்காட்டைத் தொட்டால் அடுத்த அளவுக்குப் போங்கள். பயன்பாடு ஆண்டுதோறும் ஏறத்தான் செய்யும். மைய ரவுட்டரில் கேக் அல்லது எஃப்க்யூ-கோடெல் என்னும் வரிசை முறையை இயக்கி, வேக வரம்பை வாங்கிய அளவில் 90 விழுக்காடாக வையுங்கள். ஒருவர் பெரிய கோப்பு ஏற்றினாலும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் வீடியோ வகுப்பு திக்காது. பகிர்வதற்கும் விற்பதற்கும் உரிமம் தேவையா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சேவை ஒப்பந்தமே அதைத் தடுத்திருக்கக்கூடும்.

ஊரே சேர்ந்து செய்ய முடியுமா என்று தயங்க வேண்டாம். ஸ்பெயினின் கத்தலோனியாவில் 2004-இல் தொடங்கிய குய்ஃபி.நெட் என்னும் மக்கள் வலையமைப்பு வயர்லெஸ்ஸில் ஆரம்பித்து ஃபைபருக்கு வளர்ந்தது. இங்கிலாந்தின் லங்காஷயரில் பி4ஆர்என் அமைப்பு, நிலத்துக்காரர்கள் இலவசமாக வழிவிட, தன்னார்வலர்கள் பள்ளம் தோண்ட, பண்ணை வீடுகளுக்கும் 1 ஜிபிபிஎஸ் கொண்டுபோனது. செலவில் பெரும்பகுதி பள்ளம் தோண்டுவது என்பதால் 12 இழை போதும் என்று தோன்றும் இடத்தில் 24 போடுங்கள், காலிக் குழாய் ஒன்றையும் கூடவே புதையுங்கள். குழாய்க்கு ஒரு சாண் மேலே எச்சரிக்கை நாடா. ஒவ்வொரு ஒட்டுப்பெட்டியிலும் 10 மீட்டர் உபரிக் கேபிள் சுருட்டி வைத்தால்தான், அறுந்த அன்று பெட்டியைத் தரைக்குக் கொண்டுவந்து ஒட்ட முடியும். வழித்தடத்தை மூடுமுன் ஜிபிஎஸ் புள்ளிகளோடு வரைந்துவிடுங்கள்.

கேள்வி: டவரும் இல்லை, ஃபைபரும் இல்லை. செயற்கைக்கோள் இணையம் உதவுமா?

உதவும், எது என்று பார்த்து எடுங்கள். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியே சிக்னல் போய்த் திரும்ப 0.48 நொடி பிடிக்கும், நடைமுறையில் 0.6. மின்னஞ்சலுக்குச் சரி, பேச்சுக்குச் சிரமம். சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றும் தாழ்வட்டச் செயற்கைக்கோள்களில் தாமதம் பெரும்பாலும் 0.06 நொடிக்குள். இவை நகர்ந்துகொண்டே இருப்பதால் தட்டுக்கு அகன்ற திறந்த வானம் வேண்டும். ஒரே ஒரு மரக்கிளை மறைத்தாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அறுபடும். தட்டு 50 முதல் 75 வாட் வரை இழுக்கும். நாள் முழுக்க ஓட்டினால் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் ஆகலாம். சூரிய மின்தகட்டில் ஓட்ட நினைப்பவர்கள் தட்டின் விலையோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.