பழைய ஹிமாலயனுக்குப் புது சாக் வாங்கும் முன்

கேள்வி: 2017 மாடல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் ஓட்டுகிறேன். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்ட மண்பாதைதான் தினசரி வழி. ஞாயிறு மனைவியோடு முட்டம், குளச்சல் என்று போவோம். என் எடை 88 கிலோ. பிரேக் பிடித்தால் முன்பக்கம் சட்டென்று இறங்குகிறது, பள்ளத்தில் பின்னால் 'டங்' என்று அடிக்கிறது. பின்னால் 50,000 ரூபாய் சாக் (ஷாக் அப்சார்பர்) ஒன்றை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அந்தச் சத்தம் சாக்கில்தான் வருகிறது என்று இன்னும் உறுதியாகவில்லை. பின் சக்கரம் தரையில் படாமல் வண்டியை நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் லேசாக அசையுங்கள். சாக் அழுந்தும் முன்பே 'கடக்' என்று ஆட்டம் தெரிந்தால் லிங்கேஜ் (சாக்கைப் பின் சக்கரப் பகுதியோடு இணைக்கும் மூட்டு) தேய்ந்திருக்கிறது. இரண்டு பருவமழை, கடற்காற்று உப்பு, போதாததற்கு வாட்டர் சர்வீஸ் பிரஷர். அங்குள்ள நீடில் பேரிங்கில் (மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்) கிரீஸ் எப்படி நிற்கும்? கழற்றிப் பாருங்கள். துருப்பிடித்திருந்தால் பேரிங், புஷ், சீல் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். படகுக்குப் போடும் மெரைன் கிரீஸ் தண்ணீருக்கு எளிதில் கரையாது, அதையே வையுங்கள்.

அடுத்து ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கார்னெட் இருக்கிறது, உப்புத்தாளில் ஒட்டும் அதே தாது. அது தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலுக்குள் புகுந்தால் ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிடும். குழாயில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறலோ துருப்புள்ளியோ இருந்தால், அதைச் சரிசெய்யாமல் போடும் புதுச் சீலும் சீக்கிரமே ஒழுகும்.

பிரேக்கில் முன்பக்கம் இறங்கும் டைவை நிறுத்த கெட்டியான 20W ஆயில் ஊற்றச் சொல்வார்கள். கேட்காதீர்கள். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆயில் இறங்கும் வேகத்தை மட்டுமே குறைக்கும். இந்த வகை ஃபோர்க்கில் ஆயில் சிறு துளைகள் வழியே போகிறது. கூரான கல்லில் கெட்டி ஆயில் அவ்வளவு வேகமாக நுழைய முடியாது, அடி நேரே கைக்கு வரும். திரும்பி எழுவதும் தாமதமாகும். தொடர்ந்து வரும் குழிகளில் ஃபோர்க் எழ நேரமில்லாமல் தாழ்ந்துகொண்டே போகும். பழைய ஆயிலை முழுக்க வடித்து, மேனுவல் சொல்லும் கிரேடையே ஊற்றுங்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுக்க அழுத்திய நிலையில் குழாய் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கட்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகு டேப் எடுங்கள். பின் ஆக்சிலிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழ் ஓர் அடையாளம் வையுங்கள். சக்கரம் தொங்கும்போது ஓர் அளவு, வண்டி தன் எடையில் நிற்கும்போது இரண்டாவது, ஹெல்மெட்டோடு நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் மூன்றாவது. முதலுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் 54–60 மி.மீ. வரட்டும், பின் டிராவல் (சக்கரம் மேலும் கீழும் நகரும் மொத்தத் தூரம்) 180 மி.மீ., அதில் மூன்றில் ஒரு பங்குக்குள். முன்னால் 200 மி.மீ. டிராவலுக்கு 50–60 போதும். பிரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) ஏற்றி இந்த அளவைக் கொண்டுவந்த பிறகு, வண்டி தன் எடையில் (முதலுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம்) 10 மி.மீ.கூட இறங்கவில்லையா? ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிவு. பிரீலோட் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்காது, உயரத்தை மட்டுமே மாற்றும். உங்கள் எடைக்கும் பின் சீட்டுச் சுமைக்கும் முன்னாலும் பின்னாலும் கெட்டி ஸ்பிரிங் தேவைப்படும் என்றே நினைக்கிறேன். முன்னால் புது ஸ்பிரிங் பழையதைவிட நீளமாக இருந்தால் ஸ்பேசரை (ஸ்பிரிங்கோடு வைக்கும் குழாய்த் துண்டு) அந்த அளவுக்குக் குறைக்க மறக்காதீர்கள்.

கடைசியாக, பின் சீட்டை அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுங்கள். ஒருமுறை எழுந்து நின்றால் சாக் நன்றாக இருக்கிறது. இரண்டு மூன்று முறை குதித்தாலோ, சாக்கின் தண்டில் ஆயில் கசிந்தாலோ அப்போது புது சாக்குக்குப் பணம் போடலாம். ஆர்டரில் உங்கள் எடை, மனைவி எடை, பெட்டி எடை மூன்றையும் எழுதுங்கள், ஸ்பிரிங்கை அதற்கேற்பத் தருவார்கள். கண்ணுக்குக் கண் நீளம் (சாக்கின் இரு முனைத் துளைகளுக்கு இடையே உள்ள தூரம்) பழையதேதான் இருக்க வேண்டும். 10 மி.மீ. கூடினாலும் லிங்கேஜ் அதைப் பெருக்கிப் பின்பக்கத்தைத் தூக்கிவிடும், ஹேண்டில் படபடக்கும். மாட்டி 500 கி.மீ. ஓடியதும் போல்ட் டார்க்கையும் (முறுக்கிய இறுக்கம்) இந்த அளவுகளையும் மறுபடி பாருங்கள்.