பண்டைய கிரேக்க நகரமான ஏதென்ஸில் பல தலைமுறையாக வாழ்ந்த வெளியூர்க்காரர்களுக்குக் குடியுரிமை கிடைத்ததா?

மிக அரிதாகத்தான். கி.மு. 451-இல் ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸ் கொண்டுவந்த சட்டப்படி, தாய் தந்தை இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருக்க வேண்டும். அங்கேயே பிறந்து வளர்ந்தாலும் மற்றவர்கள் ‘மெட்டிக்’தான், அதாவது குடியுரிமை இல்லாமல் அங்கே வாழும் வெளியூர்க்காரர். ஆண்களுக்கு ஆண்டுக்கு 12 திராக்மா (அக்கால கிரேக்க வெள்ளிக்காசு) தலைவரி. கட்டாவிட்டால் அடிமையாக விற்றுவிடலாம். போருக்கும் போக வேண்டும், ஆனால் ஓட்டு கிடையாது.

பணம் இருந்தாலும் பாதுகாப்பில்லை. நீதிமன்ற உரைகள் எழுதிப் புகழ்பெற்ற லிசியாஸின் குடும்பத்தையே பாருங்கள். கேடயப் பட்டறை வைத்திருந்த வசதியான மெட்டிக்குகள். கி.மு. 404-இல் ஆட்சியைப் பிடித்த முப்பது பேர் குழு சொத்துக்காகவே அவர்கள்மீது பாய்ந்தது. அண்ணன் பொலமார்க்கஸை விசாரணையே இல்லாமல் நஞ்சு குடிக்க வைத்தார்கள். அவர் மனைவியின் காதிலிருந்த தங்கத் தோட்டைக்கூட விடவில்லை. என்ன கொடுமை! தப்பியோடிய லிசியாஸ், ஜனநாயகத்தை மீட்கப் போராடியவர்களுக்குப் பணமும் கேடயங்களும் கொடுத்தார். அப்புறம் அவருக்குக் கிடைத்த குடியுரிமையும் நடைமுறைக் குறை சொல்லி ரத்தானது.